பதினான்கு எழுத்து

கல்லூரியில் சேர்ந்தது 2003-இல். காலையில் திருச்சுழியில் முதல் பஸ், அருப்புக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ். அம்மா கரிமூட்டத்தில் வேலை செய்தாள். சீமைக்கருவேலம் வெந்து ஆறியதும் கரி பிரித்து மூட்டை கட்டுவாள். என் கட்டணம் அந்தக் காசில்தான். ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்திவிடுவார்கள். தாய்மாமன் வீட்டில் பேச்சு பாதி முடிந்திருந்தது.

லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். பையன் தட்டுவான், பெண் ரெக்கார்டு நோட்டு எழுதுவாள். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே நடந்தது. ஒருநாள் என் கூட்டாளி வரவில்லை. கீபோர்டு எனக்குக் கிடைத்தது.

மாணவர் பட்டியல் நிரல் அது. மார்க்கை முதலில் கேட்கும், பெயரை அடுத்துக் கேட்கும். எல்லோரும் ரவி, குமார் என்று கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அம்மாவுக்கு 78 மார்க் போட்டு, அவள் முழுப்பெயரையும் தட்டினேன். எங்கள் பக்கம் பெண்களின் பெயரில் குலசாமியும் பாட்டியும் சேர்ந்தே இருப்பார்கள். ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து.

திரையில் அம்மாவின் மார்க் 28013.

பின்வரிசை சிரித்தது. சார் எட்டிப் பார்த்து, "சின்னப் பேராக் குடும்மா" என்றார். குடுத்தேன். சரியாக வந்தது. ஆனால் அந்த எண் மனதைவிட்டுப் போகவில்லை.

இரவில் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தேன். பெயருக்கு ஒதுக்கியது 10 பைட். முடிவைக் காட்டும் சுழிக்கு ஒன்று போனால், உள்ளே 9 எழுத்துதான் நிற்கும். பெயரை ஒட்டி மார்க்குக்கு 2 பைட். அம்மா பெயரின் பதினோராவது, பன்னிரண்டாவது எழுத்துகள் இரண்டும் எம். கம்ப்யூட்டருக்கு எம் என்றால் 109. 109-ஐ 256-ஆல் பெருக்கி 109-ஐக் கூட்டினேன்: 28013. மிச்ச எழுத்துகள் அடுத்தவர் இடத்துக்குள் போயிருந்தன. தப்பு அம்மா பெயரில் இல்லை. குமாருக்கு அளந்த இடம் அது.

திருத்த ஒரு வாரம் ஆனது. பெயருக்குக் கட்டத்துக்குப் பதில் பாயின்டர் வைத்தேன். பாயின்டர் என்பது முகவரிச் சீட்டு, வீடு அல்ல. இடம் கேட்டு வாங்காமலே அதில் எழுதினேன். நிரல் முடிந்ததும் டர்போ சி "நல் பாயின்டர் அசைன்மென்ட்" என்றது. பிறகு மால்லாக் போட்டு, பெயரின் நீளத்துக்குச் சரியாக இடம் கேட்டேன். ஓடியது. மால்லாக் சில சமயம் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும், அதனால் தப்பு வெளியே தெரிவதில்லை. சுழிக்கும் சேர்த்து ஒன்று கூட்டிக் கேட்க வேண்டும். கடைசியாக, ஃப்ரீ செய்த பெயரை மறுபடி அச்சிட்டால் பழைய பெயரே வந்தது. காலி செய்த வீட்டில் பழைய சாமான் கிடந்த மாதிரி. அதை நம்பினால், வேறொருவர் குடிவந்த அன்று மாட்டிக்கொள்வோம். ஃப்ரீ செய்த கையோடு பாயின்டரை நல் ஆக்கினேன்.

டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கியது 1972 வாக்கில். வருகிற எழுத்துக்கு இடம் போதுமா என்று பார்க்காத கெட்ஸ் என்ற கட்டளை அதில் இருந்தது. 1988-இல் மாரிஸ் புழு இணையத்தில் பரவ அந்த ஓட்டையும் ஒரு வழி. 2011-இல் வந்த தரநிலையில்தான் கெட்ஸை நீக்கினார்கள். இதெல்லாம் நான் பின்னால் படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: 'சின்னப் பேராக் குடு' என்பது திருத்தம் ஆகாது.

செய்முறைத் தேர்வில் அதே நிரல் வந்தது. தேறினேன். மாமன் வீட்டுப் பேச்சு தள்ளிப்போனது, பிறகு நின்றே போனது.

அச்செடுத்த தாளை அம்மாவிடம் காட்டினேன். கரி படிந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இதுல எதுடி நான்?" என்றாள். காட்டினேன். "இம்புட்டு நீளமா?" என்று விரலை அந்த வரி முழுக்க ஓட்டினாள்.

இப்போது என்னிடம் வேலை பழக வரும் பெண்கள், "அக்கா, ரவின்னு குடுத்தா ஓடுதுக்கா" என்பார்கள். நான் கீபோர்டை அவர்கள் பக்கம் தள்ளிவைத்து, "உங்க அம்மா பேரைப் போடு, முழுசா" என்பேன்.