கூரையில் சோலார், பில்லில் வரி: காரைக்கால் குறிப்புகள்

ஜிஎஸ்டி வருவதற்கு முன், நாகப்பட்டினம்–காரைக்கால் எல்லையில் உள்ள வாஞ்சூரைத் தாண்டினால் ஒரு வரி, தாண்டாவிட்டால் வேறு வரி. 2017 ஜூலை 1-க்குப் பிறகு அந்த வித்தியாசம் பெட்ரோல், டீசல், மது என்று சுருங்கிவிட்டது. சோலார் பேனலுக்கு நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் ஒரே விகிதம்தான். சரக்கு சென்னையிலிருந்து வந்தால் பில்லில் ஐஜிஎஸ்டி என்று விழும், அவ்வளவுதான்.

*

விகிதம் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. சோலார், காற்றாலைக் கருவிகளுக்கு முதலில் 5%. 2021 அக்டோபரில் 12%. 2025 செப்டம்பர் 22 முதல் மீண்டும் 5%. நடுவில், 2019 ஜனவரியில் ஒரு கணக்கு வந்தது. மாட்டித் தருவதையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டால், தொகையில் 70 பங்கு சரக்கு, 30 பங்கு சேவை. சேவைக்கு 18%.

பத்து லட்ச ரூபாய் வேலைக்குப் போட்டுப் பார்த்தேன். 12% இருந்தபோது மொத்த வரி 1,38,000. இப்போது 89,000. இதில் சரக்குக்கு 35,000, சேவைக்கு 54,000. பேனலுக்கு வரியைக் குறைத்தார்கள் என்று மகிழும்போது இந்த 54,000 கண்ணில் படுவதில்லை.

*

இந்த வரி கடைசியில் யார் தலையில் விழுகிறது? டெல்டாவில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஐஸ் பிளான்ட்காரர் விற்கும் ஐஸுக்கு 5% வரி உண்டு. அதனால் பேனலுக்குக் கட்டியதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, மாதாமாதம் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகத் திரும்பக் கிடைக்காது. கழிய நாளாகும், ஆனாலும் கழியும்.

ரைஸ்மில்காரருக்கு அந்த வழி இல்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5%. அதற்கு மேல் போனால் வரி இல்லை. மில் வாசலில் 26 கிலோ சிப்பம் அடுக்கியிருப்பது இதனால்தான். சாப்பிடுபவருக்கு அது நல்லது. ஆனால் வரியில்லாச் சரக்கை மட்டும் விற்பவர் கூரைக்குக் கட்டிய 89,000-இல் ஒரு ரூபாயைக்கூட வரவு எடுக்க முடியாது. அரிசிக்குக் கொடுத்த விலக்கு, மில்காரரின் முதலீட்டில் செலவாக ஏறி உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. உணவுப் பண்டத்துக்கு விலக்கு கொடுத்தால், அதை உருவாக்கும் மின்சாரக் கருவிக்கும் வரி முழுதாக நீங்க வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் வணிகக் கட்டடங்களின் சோலாருக்கு மாநில விற்பனை வரியை 2013-லேயே எடுத்துவிட்டது. அங்கே வாங்கும் இடத்திலேயே மாநில வரி இல்லை. வரவு, கழிவு என்ற பேச்சே எழாது.

வீட்டுக் கூரைக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. மில்லுக்கும் ஐஸ் பிளான்ட்டுக்கும் அது கிடையாது.

*

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் அரசலாற்று முகத்துவாரத்தில் கட்டிக் கிடக்கும், ஐஸுக்கு ஆள் இருக்காது. வெயில் உச்சத்தில் அடிப்பதும் அப்போதுதான். அந்த இரண்டு மாத யூனிட்டைக் கிரிட்டுக்கு அனுப்பிக் கணக்கில் வைக்க நெட் மீட்டர் இல்லாவிட்டால் எந்த வரிச்சலுகையும் ஈடுகட்டாது.

*

கடலோரக் கூரைகளில் கிளாம்ப் போல்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேனல் பளபளவென்று இருக்கும். போல்ட்டின் தலையைச் சுற்றி உப்புப் பூத்து, துருத்தண்ணீர் ஷீட்டில் கோடாக இறங்கியிருக்கும். துருப்பிடிக்காத போல்ட் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனால் 18%. சோலார் ஒப்பந்தத்தோடு வந்திருந்தால் சலுகைக் கணக்கில் சேர்ந்திருக்கும். தனியாக வாங்கினால் அது வெறும் இரும்புச் சாமான்.