மேகம் கண்டு மீண்டது

வானத்தை நோக்கி வாழ்வோர் உழவர் மட்டுமே என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நெசவாளரும் அத்தகையோரே என்பதை வெண்ணந்தூரிற் பிறந்த யான் இளமையிலேயே அறிந்தேன். எங்கள் ஊர்ப் பாவடியில் விடியற்காலையிற் பாவை நீள விரித்து, கஞ்சி தோய்த்து, இழையோடு இழை ஒட்டாதபடி நீவி உலர்த்துவார்கள். அது உலருமுன் மழை வீழ்ந்தால் கஞ்சி கரைந்து பாவு பாழாகும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு நாட் காலை அலவாய்மலையின்மீது உள்ளங்கையளவு மேகம் ஒன்று தோன்றியது. அதனை ஒருமுறை நோக்கிய என் தந்தையார், விரித்த பாவைக் கஞ்சி தோய்க்காமலே சுருட்டிவிட்டார். அண்டையிலிருந்தோர் நகைத்தனர். அன்று மழை பெய்யவேயில்லை. அவர்கள் பாவெல்லாம் நன்றாக உலர்ந்தது. எனக்கோ பெரிய வெட்கம். "ஏன் ஐயா சுருட்டினீர்கள்?" என்று கேட்டேன். "கஞ்சி போனா ஒரு நாள் போச்சு, கண்ணு, பாவு போனா ஒரு மாசம் போச்சு" என்றார். அச்சொல்லின் பொருள் விளங்க எனக்கு இருபது ஆண்டுகள் சென்றன.

நம் கல்லூரியை விட்டபின் வடநாட்டில் உத்தியோகம் ஏற்ற யான், இமாசலப் பிரதேசத்துக் காங்ரா மாவட்டத்திலுள்ள பீர் என்னும் ஊரிற் பாராகிளைடிங் பயின்றேன். 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம் அது. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலுள்ள பில்லிங் என்னும் புற்சரிவினின்று ஓடிப் பறந்து, அடிவாரத்துப் பீரில் இறங்குவது வழக்கம். இச்சிறகிற்குக் கம்போ சட்டமோ இல்லை. முன்வாய்களின் வழியே புகும் காற்றே அதனை விறைப்பாக நிறுத்துகிறது. அது நைலான் துணி. கிழிசல் பரவாதிருக்க, கட்டங் கட்டமாகத் தடித்த இழைகளை இடையிட்டு நெய்தது. விடுமுறையில் அதனை ஊருக்குக் கொண்டுசென்றபோது, தந்தையார் பெருவிரலால் தடவிப் பார்த்து, "இழை நெருக்கம் நல்லா இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

பின்னர் அங்கே நடந்த ஒரு சிறு போட்டியில் யானும் சேர்ந்தேன். குறித்த இடங்களை வானிலேயே சுற்றி, இலக்கை விரைந்து அடைவோர்க்கே வெற்றி. இரண்டாம் நாட் காலை வானம் தெளிவாக இருந்தது. நண்பகலில் தவுலாதார் மலைத்தொடரின்மேல் மேகங்கள் கோபுரம்போல் எழலாயின. மழை வருமென்பாரும் வாராதென்பாருமாக, மேட்டில் நின்றோர் இரு பிரிவாயினர். போட்டி நிறுத்தப்படவில்லை, பறப்பதும் இறங்குவதும் அவரவர் முடிவே.

யான் பறந்தேன். வெயிலாற் சூடேறி எழும் காற்றில் வட்டமிட்டே உயர வேண்டும் என்பது இக்கலையின் முதற்பாடம். அன்றோ, வட்டமிடாமல் நேரே சென்றபோதும் சிறகு மேலேறிக்கொண்டேயிருந்தது. ஏற்றத்தை ஒலியால் அறிவிக்கும் கருவி ஓயாது கூவிற்று. தலைக்கு மேலே மேகத்தின் அடி கறுத்திருந்தது. அப்போது யான் முன்னணிக் கூட்டத்தில் இருந்தேன். அதுவரை எந்தப் போட்டியிலும் எனக்குக் கிட்டாத இடம் அது. இலக்கும் தொலைவில் இல்லை.

அந்நிலையில், 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் நிகழ்ந்தது நினைவுக்கு வந்தது. உலகச் சாம்பியன் போட்டிக்கு முன்னதான பயிற்சியில், ஜெர்மானிய வீராங்கனை ஏவா விஸ்னியெர்ஸ்காவை இடிமேகம் 9,946 மீட்டர் வரை உறிஞ்சிச் சென்றது. அது எவரெஸ்டுச் சிகரத்தினும் உயரம். உணர்விழந்து, உறைபனி மூடியும், அவர் அரிதில் உயிர் தப்பினார். அதே புயலிற் சிக்கிய சீன வீரர் ஹெ ஜொங்பின் இறந்தார். இருவரும் அனுபவமில்லாதவர் அல்லர்.

அடுத்த கணம் பாவடியும் கஞ்சியும் தந்தையாரின் குரலும் என் மனத்தில் வந்து நின்றன. சிறகின் இரு நுனிகளையும் மடித்து, மலையை விட்டு விலகிச் சமவெளிப் பக்கம் திரும்பி, ஒரு படிக்கட்டு வயலில் இறங்கினேன். அறுவடையான நெற்றாள்களின்மேல் சிறகு சாய்ந்தது.

மழை வந்ததா? வரவில்லை! மேகம் ஒரு மணி நேரத்திற் கலைந்தது. என்னுடன் பறந்தோர் பலர் இலக்கை அடைந்தனர். அன்றைய பட்டியலில் என் பெயர் அடியில் இருந்தது. "அவசரப்பட்டுவிட்டீர்" என்று ஒரு நண்பர் பரிவுடன் சொன்னது, நகைத்ததினும் அதிகமாகச் சுட்டது. இரவு முழுதும், யான் செய்தது விவேகமா, கோழைத்தனமா என்று உறக்கமின்றி உழன்றேன்.

மறுநாள் தொலைபேசியில் தந்தையாரிடம் யாவற்றையும் கூறினேன். போட்டியைப் பற்றி அவர் ஒன்றும் வினவவில்லை. "நீ நனையலையே?" என்றார். "இல்லை, ஐயா." "அப்போ நாளைக்கு விரிச்சுக்கலாம்."

மாணவ நண்பர்களே! மழை பெய்த பின் பாவைச் சுருட்டாதவனை ஊர் பழிக்கும். பெய்யாதபோது சுருட்டியவனை ஊர் நகைக்கும். மழை பெய்யாததனால் சுருட்டியது பிழையாகிவிடாது. முடிவு செய்யும் வேளையில் நம் கண்முன் இருந்தது மேகமே. பின்னர் தெளிந்த வானம் அன்று. மூன்றாம் நாள் வானம் பளிங்குபோல் இருந்தது. யான் மீண்டும் பறந்தேன்.