மாவு புளிக்கிற நேரம்

மே 11, ஞாயிறு

இன்று ராத்திரி தல்லாகுளத்தில் எதிர்சேவை. விடிந்தால் அழகர் வைகையில் இறங்குகிறார். "ராத்திரி முழுக்க யாவாரத்த அள்ளிறலாமே, ஏன் வண்டியப் போடல?" என்று காலையிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் யாரும் சித்திரைத் திருவிழாவில் இட்லி விற்றவர்கள் இல்லை. கோரிப்பாளையத்திலிருந்து தல்லாகுளம் வரை பத்தடிக்கு ஒரு பந்தல். நீர்மோர், பானகம், புளிசாதம், தக்காளி சாதம், சில இடங்களில் சுடச்சுடப் பொங்கல், அத்தனையும் சும்மா. சாமி பார்க்க வந்தவன் காசு கொடுத்து எதற்கு இட்லி தின்கிறான்? "கூட்டத்தப் பாத்து மாவாட்டாத, பசியப் பாத்து ஆட்டு" என்பார் அத்தை. மாமா இருந்த காலத்தில் அவரோடு தள்ளுவண்டி போட்டுப் படித்த பாடம் அது.

எங்கள் பசிக்காரர்கள் வேறு ஆட்கள். அரசு இராசாசி மருத்துவமனையில் நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தூக்குவாளியோடு வருவார்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சில பேர் ராமநாதபுரம் பக்கம். இட்லி பஞ்சாக இருக்க வேண்டும், சட்னியில் காரம் குறைய வேண்டும். இன்றைக்கு அவர்களுக்கும் பந்தல் சோறு கிடைத்துவிடும்.

வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. சின்னவனுக்கு ரெண்டரை வயசு. கூட்டத்தைக் கண்டால் இறங்கி ஓடுவான். பெரியவளோ அழகர் வேஷம் கட்டித் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே அழுகை. இவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வண்டி வாசலில் பூட்டிக் கிடக்கிறது.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பெரியவள் இரண்டாம் வகுப்பு. அங்கேயே காலைச் சாப்பாடு. 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், இதே மதுரையில்தான் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் மாநிலத்து அரசு தொடக்கப் பள்ளிகள் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். "ஊருக்கே டிபன் போடுறவ ஒம் பிள்ளைய பள்ளிக்கூடத்து உப்புமா திங்க விடுறியே" என்று எதிர்வீட்டு அக்காவுக்கு வருத்தம்.

எனக்கு அதில் வெட்கம் கிடையாது. பாத்திரம் கழுவி முடித்துப் படுக்கப் பதினொன்றரை ஆகிற வீடு இது. காலையில் மிஞ்சியிருப்பது ஆறிப்போன நாலு இட்லி; அதை உதிர்த்துத் தாளித்தால் அதுவும் உப்புமாதான். அவளுக்குப் பள்ளி உப்புமா பிடித்திருக்கிறது, வரிசையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட ஆள் இருப்பதால். ராத்திரிச் சாப்பாட்டை வண்டியின் கேபினில் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். நாங்கள் இரண்டடி தூரத்தில் நின்று அடுத்தவர் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருப்போம். "சொந்தத் தொழில், பிள்ளைங்க கூடவே இருக்கலாம்" என்று சொல்கிறவர்களிடம் அந்த இரண்டடியை எப்படி விளக்குவது?

கால அட்டவணையை மறுபடி எழுதினேன். அஞ்சு மணிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும். ஒன்பது மணிக்குள் பெரியவள் பள்ளிக்கும் சின்னவன் அங்கன்வாடிக்கும் போயாக வேண்டும். அவன் கலவை சாதத்தை முடித்து வருவதற்குள் ஆட்டி முடித்துவிடலாம். இந்த வெயிலுக்கு ஆறே மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், சாயங்காலம் ஆறுக்கு முதல் ஈடு வைக்கலாம். கோடை முழுக்க மாவின் நேரமும் பிள்ளைகளின் நேரமும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஓடும். ஐப்பசி வந்தால் தெரியும் கதை.

ஜூன் 21, சனி

சின்னவன் பேசவில்லையே என்று எங்கம்மா போன மாசம் வேண்டுதல் வைத்தார். இன்று முழு வாக்கியம் பேசிவிட்டான். பணம் வந்ததும் கத்துகிற பெட்டி இருக்கிறதே, அதே குரலில், அதே இழுப்பில்: "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது." ஒரு கல்லூரிப் பையன் கைப்பேசியை நீட்டும் முன்னாலேயே இவன் சொல்லிவிட்டான். இவரும் தலையாட்டிப் பார்சலைக் கொடுத்துவிட்டார். நல்ல பையன், சிரித்துக்கொண்டே நின்று கட்டிவிட்டுப் போனான்.

வீட்டில் சோறு ஊட்டும்போதும் ஒவ்வொரு வாய்க்கும் "பெறப்பட்டது."

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்து நாலு நாள். முகூர்த்தம் இல்லாததால் வாழை இலை இறங்கிவிட்டது. வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாண வீட்டோடு போட்டி போட்டு இலை வாங்குவது ஒரு கொடுமை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு பார்சலுக்கு இலைதான் எங்களுக்கு. சாம்பாருக்கு மட்டும் இன்றும் தகராறு: "கவர் இல்லையா?" இல்லை, பாத்திரம் கொண்டு வாங்க. ஆஸ்பத்திரிக்காரர்கள் தூக்குவாளியோடு வருவதால் அவர்களிடம் இந்தப் பேச்சே எழாது. பைக்கில் வருகிறவர்கள்தான் கோபித்துக்கொண்டு போகிறார்கள், ரெண்டு நாள் கழித்துத் திரும்பி வருகிறார்கள்.

இன்று ஒருவர், "உளுந்த வடை போட்டீங்கன்னா பிச்சுக்கும்" என்று தொழில் ரகசியம் சொன்னார். போட்டோம். பஜ்ஜியும் போட்டோம். இட்லியில் நிற்கிற காசை விட எண்ணெய்ப் பலகாரத்தில் நிற்கிற காசு கூடுதல். சின்னவன் எழுந்து நடக்க ஆரம்பித்த வாரத்தில் எண்ணெய்ச் சட்டியை எடுத்துப் பரணில் போட்டோம். காய்ந்த எண்ணெய், கேஸ் அடுப்பு, நடக்கப் பழகிய பிள்ளை, மூன்றும் ஒரே வண்டியில் இருக்க முடியாது. மிஞ்சின எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற பாவமும் மிச்சம். வாடிக்கையாளர் விருப்பப்படி கடை நடத்துவதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் பலகாரப் பட்டியலைத் திருத்தியது அவன். பூரி போனது, வடை போனது, ராத்திரி ஒரு மணி வரை ஓட்டிய கடை பத்தரைக்குச் சுருங்கியது.

வண்டியும் அவனுக்காக மாறியது. பழைய குட்டியானை; பின்பக்கம் தகரக் கூடு, ஒரு பக்கப் பலகையைத் தூக்கிவிட்டால் கடை. சிலிண்டர் கடைசிக் கோடியில், வெளியே கம்பிக்கூண்டில். நடுவில் தோசைக்கல், இட்லிக் கொப்பரை. முன்பக்கக் கேபின் பிள்ளைகளின் அறை: ஜன்னலுக்குக் கொசுவலை, சீட்டில் மெத்தை, ஒரு சார்ஜ் விளக்கு. சாவி எப்போதும் இவர் இடுப்பில். கேபின் கதவு நடைமேடைப் பக்கம் மட்டும்தான் திறக்கும். சாலைப் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடியைக் கழற்றிவிட்டோம். மேம்பால வேலை நடப்பதால் இந்தப் பக்கம் லாரிகள் எந்த நேரத்தில் எந்த வழியாக வரும் என்று சொல்ல முடியாது.

நேற்றுக் கொப்பரை மூடியைத் திறக்கும்போது இவர் முழங்கையில் ஆவி அடித்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் வைத்தியர் ஆனார்கள். பேஸ்ட் தடவு, இங்க் ஊற்று, மாவை அப்பு. ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா ஒருவர் கையில் இட்லியோடு குறுக்கே வந்து அதட்டினார்: "ஒண்ணும் தடவாதீங்க. இருவது நிமிசம் தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க. சாதாத் தண்ணி, ஐஸ் கூடாது." ஊற்றினோம், கொப்புளம் சின்னதோடு நின்றது. இனி ஒரு தண்ணீர்க் கேன் அதற்கென்றே வண்டியில் தனியாக இருக்கும்.

ஆகஸ்ட் 13, புதன்

சாயங்காலம் நாலு மணிக்குச் சின்னவன் உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் 102. அதே நேரம் பத்துக் கிலோ அரிசி மாவு அண்டாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஆபீஸ் வேலைக்காரர்களுக்கு இந்த இடம் புரிவது கஷ்டம். அவர்கள் லீவு போட்டால் மேஜையில் கோப்பு அப்படியே இருக்கும். மாவு இருக்காது. நாளைக்குப் புளித்த தோசை, நாளன்றைக்குச் சாக்கடை.

அவன் என்னை விடமாட்டான் என்பதால் அத்தையும் இவரும் வண்டியோடு போனார்கள். பாதி மாவை நான் வாசலில் வைத்துத் தெருக்காரர்களுக்கு அளந்து விற்றேன். அவன் இடுப்பில், கரண்டி கையில். கிளினிக்கில் பாரசிட்டமால் எழுதிக் கொடுத்து, தண்ணீர் நிறையக் கொடுங்க, மூணு நாளைக்கு மேல் காய்ச்சல் நின்றால் ரத்தம் பார்ப்போம் என்றார்கள்.

பத்தரைக்கு அத்தை திரும்பினார். நாலரை மணி நேரம் நின்றிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார். நான் பிள்ளையோடு வீட்டில் இருந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த லீவுக்குச் சம்பளப் பிடித்தம் அத்தையின் முழங்காலில். குடும்பத் தொழில் என்பதில் குடும்பம் எங்கே வேலை செய்கிறது என்று கேட்டால் இங்கேதான். தைலம் தேய்த்துவிடப் போனேன். "போய் அவனப் பாரு" என்று காலை இழுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 30, சனி

தெரு வியாபாரிகள் கடன் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்களாம். 2020இல் கொரோனா நேரத்தில் வந்தபோது முதல் தவணை பத்தாயிரம், இனி பதினைந்தாயிரம். இரண்டாவது இருபத்தைந்தாயிரம், மூன்றாவது ஐம்பதாயிரம். நாங்கள் முதல் கடனைக் கட்டி முடித்தவர்கள். இரண்டாவதை வாங்கி வண்டிக்கு வண்ண விளக்கும் பெயர்ப்பலகையும் போடலாம் என்பது இவர் யோசனை. எனக்குச் சாய்த்து ஊற்றுகிற பெரிய கிரைண்டர் வேண்டும். ஆட்டுகிற நேரம் பாதியானால் அந்தப் பாதி என்னுடையது. விளக்கைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர் யாரும் கூடுதலாக ரெண்டு இட்லி சாப்பிடப் போவதில்லை. ரெண்டு நாளாக இந்தப் பேச்சு. அத்தை என் பக்கம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெரியவளுக்குச் சில்லறை எண்ணுவதில் தனி ஆசை. பத்து, இருபது, ஐம்பது என்று அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவாள். இன்று ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "பச்சப் பிள்ளைய வேலை வாங்குறீங்களே, சட்டம் தெரியுமா?" என்று சத்தம் போட்டார். தெரியும். 1986இல் வந்த சட்டம், 2016இல் திருத்தினார்கள். பதினாலு வயசுக்குள் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் கூடமாட உதவலாம். அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வாடிக்கையாளரிடம் சட்டம் பேசினால் வாடிக்கை போய்விடும்.

ஆனால் அந்த விதிவிலக்கு எனக்கே முழுசாகப் பிடிக்காத ஒன்று. கூடமாட உதவி எப்போது வேலையாக மாறுகிறது என்பதைத் தள்ளி நிற்கிற யாராலும் பார்க்க முடியாது. இவர் பத்து வயசில் தட்டுக் கழுவ ஆரம்பித்தார். அப்புறம் கணக்கு வீட்டுப்பாடம் எழுதியதே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால் வீட்டில் ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். அவள் சாப்பாட்டைத் தொடக் கூடாது, தட்டு எடுக்கக் கூடாது, ஆட்களிடம் காசு கேட்கக் கூடாது. வீட்டுப்பாடம் முடித்த பிறகு கேபினுக்குள் உட்கார்ந்து பணம் எண்ணலாம், ஆசைப்பட்டால். நேற்று ஆசை இல்லை, தூங்கிவிட்டாள். யாரும் எழுப்பவில்லை. பெரியவர் முடிவில் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளி முடிந்து ஊர் ஈரமாகக் கிடக்கிறது. ஐப்பசி மழை. ஒன்பது மணிக்கு ஆட்டிய மாவு ஆறு மணிக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முதல் ஈடு கல்லாக வந்தது. எடுத்து வைத்துவிட்டுத் தோசை மட்டும் ஊற்றினோம். இனித் தை முடிகிற வரை காலை ஆறு மணிக்கே ஆட்டியாக வேண்டும். அதற்கு ராத்திரி கடை எடுத்து வந்ததும் ஊறப்போட வேண்டும். ஆறு மணிக்கு ஆட்டினால் தலை பின்னுவது யார், சின்னவனைக் குளிப்பாட்டுவது யார்? மாவை அவசரப்படுத்தப் பழைய புளித்த மாவு ஒரு கரண்டி கலக்கலாம், வெந்நீர் அண்டா பக்கத்தில் வைக்கலாம். பிள்ளைகளை அவசரப்படுத்த அப்படி ஒரு வழி இல்லை. கத்துவது ஒன்றுதான், அதை இந்த வாரம் போதுமான அளவு செய்தாயிற்று.

கிரைண்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார் இவர். பெயர்ப்பலகைப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இன்னொரு முடிவும் எடுத்தோம். புதன்கிழமை கடை கிடையாது. வாரத்தின் நடுவில் விற்பனை மந்தம் என்பது வெளியே சொல்கிற காரணம். பெரியவள் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வண்டியில் ஒட்டினாள். ஆட்டோக்கார அண்ணன் அதை ரெண்டு தடவை வாசித்தார். "தங்கச்சி, பெரிய ஓட்டல்காரங்களே லீவு விடுறதில்லையே" என்றார். பெரிய ஓட்டல்காரர்களுக்குச் சமையலுக்கு ஆள் இருக்கிறது அண்ணே.

நவம்பர் 5, புதன்

அரிசி ஊறவில்லை, கிரைண்டர் ஓடவில்லை. சாயங்காலம் நாலு பேரும் அத்தையும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ரசமும் அப்பளமும் வைத்துச் சாப்பிட்டோம். சின்னவன் ரசத்தைக் கவிழ்த்தான். பெரியவள் பள்ளிப் பொங்கலில் இன்று மிளகு ஜாஸ்தி என்று நீண்ட விமரிசனம் வைத்தாள். டிபன் கடைக்காரர் பேத்தி வேறெப்படிப் பேசுவாள்.

எட்டு மணிக்கு வாசலில் ஹாரன். ஆட்டோக்கார அண்ணன், கையில் தூக்கு. "அட்டையப் பாத்தேன், இருந்தாலும் வீட்ல மாவு இருக்குமேன்னு..." அத்தை முனகிக்கொண்டே எழுந்து, நேற்று மிஞ்சிய மாவில் நாலு இட்லி ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்பது இவர் கட்சி. சின்னவன் மட்டும் கதவருகே நின்று "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்றான்.