கீரப்பாளையம் டு வீராணம்: வழியில் நின்ற பைக்கும் பால்கார தாத்தாவும்!

சிதம்பரத்திலிருந்து வீராணம் ஏரிக்கு பைக்கில் போக வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. கீரப்பாளையம் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

முதல் நாள் இரவு நல்ல மழை. சாலையில் தேங்கியிருந்த தண்ணீரில் இறங்கி ஏறியதும், இரண்டு முறை திக்கிவிட்டு வண்டி நின்றுவிட்டது. மணி காலை ஆறரை. இரண்டு பக்கமும் நெல் வயல். எந்த மெக்கானிக் கடையும் திறந்திருக்காது. அப்பாவுக்கு போன் செய்யலாம். ஆனால், "பொண்ணுக்கு எதுக்கு பைக்?" என்ற பழைய பஞ்சாயத்து மறுபடி தொடங்கிவிடும்.

அப்போதுதான் எக்ஸ்எல் வண்டியில் பால் கேன்களோடு ஒரு தாத்தா வந்தார்.

"என்னா பாப்பா, நின்னுபோச்சா?"

நான் செல்ஃப் பட்டனை அழுத்தப் போனேன். தடுத்துவிட்டார்.

"இரு, இரு. தண்ணி எவ்வளவு ஒசரம் இருந்துச்சு?"

"கால் சக்கரம்கூட இல்லீங்க தாத்தா."

"அப்ப பயமில்ல. ஏர் ஃபில்டர் வரைக்கும் ஏறியிருந்தா ஸ்டார்ட் பண்ணவே கூடாது. என்ஜினுக்குள்ள தண்ணி போனா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். தள்ளிக்கிட்டுதான் போவணும்."

டூல்ஸ் பையை எடுத்தேன். வாங்கி இரண்டு வருடமாகியும் நான் பிரிக்காத பை! என்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு ஸ்பேனரை என் கையிலேயே கொடுத்தார். "நீயே கழட்டு. நான் செஞ்சு குடுத்தா அடுத்த தடவை யாரைத் தேடுவ?"

பிளக் கேப்புக்குள் ஈரம். துண்டால் துடைத்தேன். பிளக்கையும் கழற்றித் துடைத்து, முதலில் கையாலேயே திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போட்டேன். ரொம்ப இறுக்கினால் மரை போய்விடுமாம். ஸ்டார்ட் செய்தேன். இரண்டாவது முறையில் வண்டி உறுமியது!

1980-ல் டி.வி.எஸ் 50 வந்த காலத்திலிருந்தே மொபெட் ஓட்டுகிறாராம் தாத்தா. "அப்ப பெட்ரோலோட ஆயிலையும் கலந்து ஊத்துவோம். இப்ப ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் தனியா இருக்கு. அதை எட்டிப் பாக்காமலே ஓட்டி என்ஜினைக் காலி பண்ணவங்க நிறைய பேரு. நேரத்துக்குப் போகலைன்னா சொசைட்டியில பால் எடுக்க மாட்டாங்க. வண்டி நின்னா என் பொழப்பும் நின்னுடும்" என்றபடி கிளம்பினார்.

கிளம்பும் முன் அவர் சொன்னவை:

* டயரில் காற்றை வண்டி சூடாகும் முன்பே பாருங்கள்.
* செயினின் கீழ்ப்பக்க நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். மழையில் ஓட்டினால் துடைத்து ஆயில் விடுங்கள்.
* மாதம் ஒருமுறையாவது என்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள்.
* பிரேக் பிடிக்கவில்லை என்றாலோ, மீட்டரில் என்ஜின் விளக்கு எரிந்தாலோ நீங்களே கை வைக்காதீர்கள். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ் 6 வண்டிகளில் பெரும்பாலும் சென்சார்கள்தான். அது மெக்கானிக் வேலை.

வெள்ளாற்றுப் பாலம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு தாண்டி ஏரிக்கரையில் ஏறியபோது வெயில் வந்திருந்தது. 10-ம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய ஏரி. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்து நிரம்புகிறது. முழுக் கொள்ளளவு 47.5 அடி. சென்னையில் நான் குடிக்கும் தண்ணீரில் இதுவும் உண்டு. 'பொன்னியின் செல்வன்' வந்தியத்தேவன் குதிரையில் வந்த இதே கரையில், லால்பேட்டை வரை காற்று முகத்தில் அடிக்க ஓட்டினேன். வண்டியில் எந்தச் சத்தம் வந்தாலும் மனசு திக்கென்று ஆகவில்லை.

இரவு அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கரி படிந்த விரல்களை போட்டோ எடுத்தும் அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது:

"அந்த ஸ்பேனரைத் தொலைச்சிடாதே."