இருபது வருஷம் கழித்துக் கிடைத்த கைதட்டல்!

1999-ம் ஆண்டு மே மாதம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சைனீஸ் தியேட்டர் வாசலில் வாரக்கணக்கில் வரிசை கட்டிக் காத்திருந்தார்கள் ‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர்கள். 16 வருஷ இடைவெளிக்குப் பிறகு அடுத்த படம் வருகிறது. கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடரின் சின்ன வயசுக் கதை. 1977-ல் முதல் படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாஸே மறுபடியும் டைரக்டர். கேட்கவா வேண்டும்?

‘தி ஃபேன்டம் மெனஸ்’ வந்தது. வசூலை அள்ளியது. ஆனால், பழைய ரசிகர்கள் பலர் முகம் வாடித்தான் வெளியே வந்தார்கள். விண்வெளிச் சண்டை பார்க்கப் போனால், வரி விதிப்புத் தகராறும் செனட் சபை விவாதமும்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2002-ல் வந்த இரண்டாம் படத்தில் காதல் வசனம் படு சொதப்பல். ஹீரோ தன் காதலியிடம் மணல் பிடிக்காது என்று புலம்பும் காட்சி இன்றைக்கும் மீம்ஸ்களில் உயிரோடு இருக்கிறது. 2005-ல் வந்த மூன்றாம் படம் மட்டும் ஓரளவு தப்பித்தது.

இப்போது அந்தப் படங்களை மறுபடி பார்ப்பவர்களுக்கு வேறு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. வசனம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், அன்று கொட்டாவி விட வைத்த அந்த செனட் காட்சிகள்தான் இன்று வயிற்றைக் கலக்குகின்றன. பால்படீன் என்ற சாதுவான அரசியல்வாதி, போரைத் தானே மூட்டிவிட்டு, அதைச் சமாளிக்க அவசரகால அதிகாரம் வாங்கிக்கொள்கிறார். கடைசியில் பேரரசனாகவே முடிசூடிக்கொள்ளும்போது, சபை மொத்தமும் கைதட்டுகிறது. யாரும் ஆட்சியைக் கத்திமுனையில் பறிக்கவில்லை. உறுப்பினர்களே தூக்கிக் கொடுக்கிறார்கள்.

அனகின் கதையும் அப்படித்தான். அடிமைச் சிறுவனான அவனை மட்டும் மீட்டு அழைத்துப் போகிறார்கள் ஜெடாய் வீரர்கள். அவன் அம்மா அங்கேயே அடிமையாகத் தங்கிவிடுகிறாள். பத்து வருஷத்தில் ஒரு ஜெடாயும் அவளைத் தேடிப் போகவில்லை. விலைக்கு வாங்கி, விடுதலை செய்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டவர் ஒரு விவசாயிதான். பாசம் கூடாது என்று போதித்தவர்களிடம், பயத்தைச் சொல்லி அழ அந்தப் பையனுக்கு இடமில்லை. அந்தப் பயத்தைக் காதுகொடுத்துக் கேட்டவர் பால்படீன் மட்டுமே. கர்ணன் சாகப்போகிறான் என்று தெரிந்தேதான் ஊர் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறது. இந்தப் பையன் கெட்டுப்போவான் என்று தெரிந்தே பார்ப்பதும் அதே மாதிரியான வலிதான். முதல் படத்தின் கடைசி வாள் சண்டையில் ஜான் வில்லியம்ஸ் இசைக்கு ஒரு கோரஸ் பாடுகிறதே, அது சமஸ்கிருதம் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

ஆனால், இந்தப் படங்களைக் கழுவி ஊற்றியதில் மாட்டிக்கொண்டவர் ஒரு மனிதர். நீண்ட காதும் தள்ளாடும் நடையுமாக வரும் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற காமெடி பாத்திரத்துக்கு உடலும் குரலும் கொடுத்த அகமது பெஸ்ட். ‘ஸ்டாம்ப்’ மேடை நிகழ்ச்சியிலிருந்து வந்த இளைஞர். முழுக்க முழுக்க கம்ப்யூட்டரில் உருவான முக்கியப் பாத்திரங்களில் ஜார் ஜார் ஒரு முன்னோடி. அந்தப் பாத்திரத்தின் பேச்சும் நடையும் கறுப்பின மக்களைக் கேலி செய்வதுபோல் இருக்கிறது என்ற விமர்சனமும் வந்தது. அது எழுதியவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி. அடி விழுந்ததோ நடித்தவர் மேல். அந்த வருஷத்தின் மோசமான துணை நடிகர் என்று ‘ராஸி’ விருதும் கொடுத்துக் கேலி செய்தார்கள்.

2018-ல் தன் மகனோடு நிற்கும் ஒரு போட்டோவை வெளியிட்டார் பெஸ்ட். இடம், நியூயார்க்கின் புரூக்ளின் பாலம். அந்தக் கேலியெல்லாம் தாங்காமல், உயிரை விட்டுவிடலாம் என்று தான் ஒருநாள் வந்து நின்ற இடம் அது என்றார். திரையில் ஒரு பொம்மையைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர், அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதை நினைத்திருப்பார்கள்?

அதற்குள் காலமும் மாறியிருந்தது. 1999-ல் எட்டு வயசில் படம் பார்த்தவர்களுக்குப் பழசோடு ஒப்பிடத் தெரியாது. அவர்களுக்கு இதுதான் முதல் ‘ஸ்டார் வார்ஸ்’. அவர்கள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினார்கள். 2025-ல் மூன்றாம் படம் மறுபடி ரிலீஸானபோது, அந்த வாரக் கடைசியில் அமெரிக்க வசூலில் இரண்டாம் இடம் பிடித்தது!

2019-ல் சிகாகோவில் முதல் படத்தின் 20-ம் ஆண்டு விழா. மேடையேறினார் அகமது பெஸ்ட். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

2023-ல் ‘தி மேண்டலோரியன்’ தொடரில் ஒரு காட்சி. ஜெடாய்கள் கொல்லப்படும் அந்தக் கொடூர இரவில், குட்டிக் குழந்தை க்ரோகுவைக் காப்பாற்ற ஒரு ஜெடாய் இரண்டு கைகளிலும் ஒளிவாளோடு வந்து நிற்கிறார். முகமூடி இல்லை. கம்ப்யூட்டர் காதுகள் இல்லை. அகமது பெஸ்ட் தன் சொந்த முகத்தோடு வந்திருந்தார்.