இரண்டு நீலங்கள்

கோவையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகம். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பேசத் தோன்றவுமில்லை.

ஆராய்ச்சி மாணவி கல்வத்தில் கல் அரைத்துக்கொண்டிருக்கிறாள். வெளிறிய இளஞ்சிவப்பில், தட்டுத்தட்டாக உடையும் ஸ்டில்பைட். புனே பக்கத்துக் குவாரியிலிருந்து வந்தது. தக்காணத்து எரிமலைக் குழம்பு ஆறி இறுகியபோது உள்ளே சிக்கிய குமிழிகள் வெற்றுப் பொந்துகளாக நின்றுவிட்டன. அந்தப் பொந்துகளில் பிற்காலத்தில் மெல்ல வளர்ந்த படிகம் இது. ஜியோலைட் என்கிற கனிமக் குடும்பம். 1756-ல் சுவீடனைச் சேர்ந்த க்ரோன்ஸ்டெட் இந்த இனக் கல் ஒன்றைச் சூடாக்கியபோது அது ஆவி விட்டுக் கொதித்தது. உள்ளுக்குள் அத்தனை தண்ணீர் இருந்தது. கல் முழுக்கக் கண்ணுக்கெட்டாத அறைகள். ஒவ்வொரு அறையின் வாசலும் ஒரு நானோமீட்டரைவிடக் குறுகியது.

அரைத்த மாவைச் சலிக்கிறாள். சல்லடையில் நின்றதை மறுபடி கல்வத்தில் போடுகிறாள். அவசரம் இல்லை. கழுவி, 105 டிகிரியில் காய வைத்த பழைய மாவு ஒரு டப்பாவில் தயாராக இருக்கிறது.

மேஜைமேல் இரண்டு கூம்புக்குடுவைகள். இரண்டிலும் நீலம். ஒன்று மெதிலீன் ப்ளூ. மற்றது ரியாக்டிவ் பிளாக் 5. பருத்தித் துணிக்குக் கறுப்பு ஏற்றும் சாயம். தண்ணீரில் நீர்த்துவிட்டால் கருநீலமாகத்தான் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கிற எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் மட்டும் லேபிளைப் பார்க்காமலே எடுக்கிறாள்.

இரண்டிலும் ஒரே அளவு மாவு. ஷேக்கர் தடதடக்கிறது. பிறகு சென்ட்ரிஃபியூஜ். குழாய்களை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். முதலாவதில் அடியில் நீல வண்டல், மேலே நல்ல தண்ணீர். இரண்டாவதில் வண்டல் வெளிறிக் கிடக்கிறது. தண்ணீர் அதே கருநீலம்.

வழிகாட்டி உள்ளே வருகிறார்.

"தெளிஞ்சிருச்சாம்மா?"

"இதுல தெளிஞ்சிருச்சுங்க சார். அதுல இல்லீங்க."

அவர் தலையாட்டுகிறார். இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். கல்லின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. மெதிலீன் ப்ளூ நேர்மின்சுமை, ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்சுமை; விலகி ஓடும். வாசலுக்குள் நுழையவும் முடியாது, மூலக்கூறு அத்தனை பெரியது.

எனக்கு ஆதங்கம் இங்கேதான். மெதிலீன் ப்ளூவைத் தெளிய வைத்துக் காட்டும் ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஆனால் நொய்யல் ஆற்றில் ஓடியது மெதிலீன் ப்ளூ இல்லை. சாயப்பட்டறைகளில் பனியன் துணியில் ஒட்டியது போக மிஞ்சிய ரியாக்டிவ் சாயம் அது, உப்போடு சேர்ந்து ஓடியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாக மாறி, திறந்துவிட்டாலும் வேண்டாம் என்று உழவர்கள் சொல்லும் நிலை வந்தது. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதி இறுகியது. இன்று சவ்வு வழியாக வடிகட்டுகிறார்கள், மிஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். கரண்டுச் செலவு தாங்கவில்லை என்ற பேச்சு ஓயவில்லை. முன்னாலேயே கொஞ்சம் சாயத்தைக் கல் வாங்கிக்கொண்டால் சவ்வுக்குச் சுமை குறையும். இந்தப் பெண்ணின் உழைப்பு அதற்குத்தான்.

இன்னொரு டப்பாவைத் திறக்கிறாள். அதே கல்மாவு, ஆனால் நீண்ட வாலுள்ள ஒரு வேதிப்பொருளில் ஊறவைத்துக் கழுவியது. தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரில் இருக்கிற இனம். அதன் மூலக்கூறுகளில் முதல் வரிசை தலையைக் கல்லில் பதித்து வாலை வெளியே நீட்டும். இரண்டாம் வரிசை அந்த வால்களோடு வாலைக் கோத்துத் தலையை வெளியே நீட்டும். வெளியே நீளும் தலைகள் எல்லாம் நேர்மின்சுமை. கல் தன் குணத்தை மாற்றிக்கொண்டது.

மறுபடி ஷேக்கர், மறுபடி சென்ட்ரிஃபியூஜ். இம்முறை ரியாக்டிவ் பிளாக்கின் வண்டல் கறுத்திருக்கிறது. தண்ணீரில் லேசான நீலம் மட்டும் மிச்சம். க்யூவெட்டில் ஊற்றி, வெளிப்பக்கத்தைத் துடைத்து, நிறத்தை அளக்கும் கருவிக்குள் வைக்கிறாள். வந்த எண்ணை நோட்டில் எழுதுகிறாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

கறுத்த வண்டலைக் கொட்டிவிடாமல் சுத்தமான தண்ணீரில் போட்டுத் தனியே வைக்கிறாள். பிடித்ததைக் கல் திரும்பக் கக்குகிறதா, ஊறவைத்த பொருள் கழன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காத ஆய்வை நான் நம்புவதில்லை. சாயம் ஏறிய கல்லும் கழிவுதான்.

அடுத்த குடுவையில் உப்பை நிறுத்துப் போடுகிறாள். ஒரு சிட்டிகை இல்லை, கை நிறைய. சாயத்தொட்டியில் லிட்டருக்கு ஐம்பது அறுபது கிராம் உப்பு விழும். அதையும் சேர்க்காமல் சோதித்து என்ன பயன்? உப்பின் குளோரைடும் அதே இடங்களுக்குப் போட்டி போடும்.

"உப்புல பிடிக்கலேன்னா என்னம்மா பண்ணுவே?"

"பிடிக்கலேன்னே எழுதீருவேனுங்க சார்."