கோட்டில் பிறக்கும் ஆடை

நாம் உடுக்கும் ஒவ்வோர் ஆடைக்கும் முன்னால் ஒரு சித்திரம் நிற்கிறது. கத்தரிக்கோல் துணியைத் தொடுவதற்கு முன்னரே எவரோ ஒருவர் கடதாசியிற் சில கோடுகளைக் கீறி, தோள் இங்கே, இடை இங்கே, விளிம்பு இங்கே என முடிவு செய்துவிடுகிறார். கீறியவரின் பெயரை உடுப்பவர் அறிவதில்லை. அறிய வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் அக்கோடுகளில் எத்தனை பேருடைய உழைப்பும் சௌகரியமும் அடங்கியிருக்கின்றன என்பதை, வடிவமைப்பு மாணவராகக் கொழும்பில் ஓர் ஆடை நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சி பெற்ற காலத்தில் நாம் நேரிற் கண்டோம். அதனை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிற்சிக்குப் புறப்படுமுன் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. "பிள்ளை, படம் கீறிச் சீவிக்கலாமோ?" என்று அப்பா கேட்டார். கேள்வி நியாயமானதே. வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வாசல்களையே நம்மவர் வீடுகள் பெரும்பாலும் அறிந்துள்ளன. நாம் அவருக்குக் கிறிஸ்டியன் டியோரின் கதையைச் சொன்னோம். 1930களின் பொருளாதார மந்தத்தில் தமது சித்திரக்கூடத்தை இழந்தவர் அவர். பின்னர் தொப்பிகளையும் ஆடைகளையும் கீறி, அப்படங்களைப் பாரிஸ் நகரத்து ஆடை நிலையங்களுக்கு விற்றுச் சீவித்தார். 1947ஆம் ஆண்டிலே தம் பெயரில் முதல் ஆடை வரிசையை அவர் வெளியிட்டபோது நாகரிக உலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்பா சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "அவர் இருந்தது பாரிஸில், நீ இருப்பது கோண்டாவிலில்" என்றார்.

அந்த மறுமொழியிலேயே எமக்கு வேண்டிய விடையும் இருந்தது. 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஆடைத் தொழில் இலங்கையின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதியாக வளர்ந்தது. எனினும் நெடுங்காலமாக இங்கே தைக்கப்பட்டவை பெரும்பாலும் பிறர் கீறி அனுப்பிய ஆடைகளே. உலக ஆடை வணிகத்தில் நாடுகளுக்கு வகுக்கப்பட்டிருந்த பங்கீட்டு முறை 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கியது. அதன் பின் குறைந்த கூலியை மட்டும் நம்பி நிற்றல் இயலாதாயிற்று. தைக்கும் நாட்டுக்குக் கீறவும் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? இதைச் சொன்னதும் அப்பா எழுந்து சென்று, புகையிரதச் செலவுக்குப் பணம் எடுத்து வந்தார்.

முதல் வாரத்தில் எமக்குக் கிடைத்த வேலை தலைகளை எண்ணுவது. மனித உடல், உச்சி முதல் பாதம் வரை, ஏறக்குறைய ஏழரைத் தலை உயரமுடையது. ஆடைச் சித்திரத்துப் பெண்ணோ ஒன்பது தலை உயரம் நிற்பாள்; மிகுதி நீளத்தின் பெரும்பகுதி காலுக்கே கொடுக்கப்படும். கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இறக்கினால், உடலின் பாரத்தைத் தாங்கும் பாதத்தின் அருகே அது வந்து சேர வேண்டும்; இல்லையேல் உருவம் கடதாசியிலேயே சாய்ந்துவிடும். ஒரு பக்கத்து இடுப்பு உயர்ந்தால் அப்பக்கத்துத் தோள் தாழும். இவற்றை மனத்திற் கொண்டு நாளொன்றுக்கு இருபது உருவங்கள் கீறினோம். கைப்பழக்கமே சித்திரத்தின் குரு என்பதை விரல்கள் நொந்தபோது உணர்ந்தோம்.

ஓய்வு நாட்களிற் கொழும்பு நூதனசாலைக்குச் செல்வது வழக்கமாயிற்று. பொலன்னறுவையிற் கிடைத்த சோழர் காலத்து வெண்கலத் திருவுருவங்கள் அங்கே உள்ளன. உமையம்மையின் உடலோடு ஒட்டிய மெல்லாடையைச் சிற்பி சில கோடுகளாலேயே காட்டிவிடுகிறான். துணி எங்கே இழுபடுகிறதோ அங்கிருந்தே மடிப்புப் பிறக்கும் என்னும் பாடத்தை நாம் அந்த வெண்கலத்திலும் படித்தோம். சிற்ப நூல்களில் தாலம் என்றோர் அளவு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாலம். அது பன்னிரண்டு அங்குலங்களாக வகுக்கப்படும். நவதாலமென்றால் ஒன்பது முகம், 108 அங்குலம். உயர்ந்த தெய்வ வடிவங்களுக்குப் பத்துத் தாலம் விதிக்கப்பட்டது. நெடிய உருவம் வணங்குதற்குரியது என்பதைச் சிற்பியும் அறிந்திருந்தான், அடியாரும் அறிந்திருந்தனர். அம்மையின் இடையைப் பார்த்துத் தன் இடையை அளந்துகொண்டவள் எவளும் இருந்திருப்பாள் என்று தோன்றவில்லை.

ஆடைப் படத்தை நோக்கும் பிள்ளைக்கு அந்த அறிவை ஊட்டுவார் இல்லை. எமது சித்திரங்கள் சிலவற்றைத் தொலைபேசி வழியே வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். பதினைந்து வயதுத் தங்கையிடமிருந்து மறுமொழி வந்தது: "அக்கா, எனக்கு ஏன் இப்படிக் கால் இல்லை?" விளையாட்டாகத்தான் எழுதியிருந்தாள். ஆயினும் அன்றிரவு உறக்கம் வர நேரமாயிற்று. மறுநாள் முதல், ஒன்பது தலை உருவம் ஒவ்வொன்றின் அருகிலும் அதே ஆடையை ஏழரைத் தலை உருவத்துக்கும் உடுத்திக் கீறத் தொடங்கினோம். குள்ளமானவர், பருத்தவர், பிள்ளைத்தாய்ச்சி என உருவங்கள் பெருகின. முதலில் புன்னகைத்த மேற்பார்வையாளர், ஒரு கிழமைக்குப் பின் அத்தாள்களைத் தம் மேசைக்கு எடுத்துச் சென்றார்.

இரண்டாம் மாதத்தில், வெட்டுமாதிரி அமைக்கும் ஐயாவிடம் அனுப்பப்பட்டோம். முப்பது ஆண்டு அனுபவமுடையவர். சித்திரத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது பிள்ளை. இந்தக் கை தோளில் எங்கே வந்து பொருந்துகிறது?" என்று கேட்பார். அழகுச் சித்திரம் ஆசையை எழுப்பும். தைப்பவருக்கோ வேறொரு சித்திரம் வேண்டும். தொழிலில் அதனைப் பிளாட் என்பர். ஆடையை மேசைமேல் விரித்து வைத்தாற்போல முன்புறமும் பின்புறமும் கீறப்படுவது அது. பொருத்துக்கு முழுக்கோடு, மேல்தையலுக்குப் புள்ளிக்கோடு. பெண்கள் சட்டையில் வலப்பக்கம் மேலே வரும். ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் மேலே வரும். வேண்டாத பொருத்து ஒன்றைக் கீறினால், அதைத் தைக்கும் நிமிடங்கள் ஒவ்வோர் ஆடைக்கும் கூடிக்கொண்டே போகும். அந்நிமிடங்கள் மெஷின் முன் குனிந்திருக்கும் ஒருத்தியின் முதுகிலேயே சென்று சேரும்.

அவ்வாறு குனிந்திருந்தவர்களுள் ஒருவர், மாதிரி ஆடை தைக்கும் அக்கா. பதுளைப் பக்கத்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த படத்தின்படி பெண்களுக்கான காற்சட்டை ஒன்றைத் தைத்து முடித்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இதிலே பொக்கற்றின் வாய் இருக்கிறது, பொக்கற் இல்லையே. பஸ் காசை எங்கே வைப்பது?" என்றார். நிறுவனத்திலிருந்த மாதிரிகளை நாம் அன்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ஆண்களின் ஆடைகளிற் கை முழுவதும் நுழைந்தது. பெண்களின் ஆடைகள் பலவற்றில் விரல் நுனியோடு நின்றது. பொக்கற் வைத்தால் இடுப்பின் கோடு கெடும் என்பதே எமக்குச் சொல்லப்பட்ட காரணம். ஒன்பது தலைப் பெண்ணுக்குப் பஸ் ஏற வேண்டிய தேவை இல்லைத்தான்!

பயிற்சி முடிவில், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான ஆறு ஆடைகளை நாம் கீறிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆறிலும் பொக்கற் வைத்தோம். பக்கப் பொருத்தினுள்ளே அமைந்தால் கோடும் கெடாது, புதிய பொருத்தும் வேண்டாம் என்று ஐயா வழி காட்டினார். அவற்றுள் இரண்டு மாதிரியாகத் தைக்கப்பட்டன. தைத்தவர் அந்த அக்காவே. முடிந்ததும் தம் கைத்தொலைபேசியை உள்ளே போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எம்மை நோக்கித் தலையசைத்தார். பரீட்சைப் புள்ளிகள் பின்னர் வந்தன. அவை அத்துணை நினைவில் இல்லை.

இன்று கணினியிடம் சில சொற்களைக் கொடுத்தால் நொடியில் நூறு ஆடைப் படங்கள் வருகின்றன. பென்சில் எதற்கு என்று சக மாணவர் கேட்கின்றனர். படம் வந்த பின்னும், கை தோளில் எங்கே பொருந்துகிறது என்ற ஐயாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. கையாற் கீறுபவர் அக்கேள்வியை ஒவ்வொரு கோட்டிலும் தாமே எதிர்கொள்கிறார். கணினியைப் பழகுதல் நன்று. பழகுமுன் கண்ணையும் கையையும் பழக்குதல் அதனினும் நன்று.

இத்துறையில் ஆசையுள்ள மாணவ நேயர்கள் விலையுயர்ந்த கருவிகளைத் தேட வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் பழைய அப்பியாசப் புத்தகமும் போதும். முதலில் அம்மாவைக் கீறுங்கள். குனியும்போதும் நிமிரும்போதும் சேலை எங்கே இழுபடுகிறது என்று பாருங்கள். சந்தைக்குப் புறப்படும்போது அவர் காசை எங்கே செருகிக்கொள்கிறார் என்பதையும் மறவாமற் குறித்துக்கொள்ளுங்கள்.